ஜீப் டிஜே முன் ஆக்ஸில்: ஷாஃப்டையும் ஜாயின்டையும் வலுப்படுத்துவதற்கான முழு வழிகாட்டி

முன் சக்கரம் இரண்டு பாறைகளுக்கு நடுவே இறுகிக்கொண்டு, ஸ்டியரிங் கடைசி வரை திரும்பி, இரு முன் சக்கரங்களையும் ஒன்றாகச் சுற்றவைக்கும் லாக்கரும் பூட்டிய நிலையில் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதுதான் முன் ஆக்ஸில் ஷாஃப்டுக்கு மிக ஆபத்தான நேரம். கலிஃபோர்னியாவின் ரூபிகான் பாதையில், கேடிலாக் ஹில் ஏற்றத்தில் நான் அதைத்தான் செய்தேன். துப்பாக்கி வெடித்தது போல ஒரே ஒரு சத்தம் கேட்டது. அதன்பின் வலது முன் சக்கரம் சுற்றவே இல்லை. கீழே படுத்து விளக்கடித்துப் பார்த்தபோது, ஷாஃப்டின் நுனியில் கிராஸை (ஜாயின்டின் நடுவில் உள்ள கூட்டல் குறி வடிவத் துண்டை) பிடித்திருக்கும் இரண்டு காதுகளில் ஒன்று பாதியாகப் பிளந்து, சக்கரத்தோடு திரும்பும் இரும்புக் கூடான நக்கிளின் உட்புறத்தில் ஆழமாக ஒரு கோடு கிழித்திருந்தது. பிளந்த முகத்தின் பெரும்பகுதி புதிதாக உடைந்த சாம்பல் நிறத்தில் இருந்தாலும், ஓரத்தில் நகக்கண் அளவுக்குத் துருவேறிய ஒரு பழுப்புப் பகுதி தெரிந்தது. அதாவது, விரிசல் அன்றைக்கு விழுந்ததல்ல. பல மாதங்களாக அங்கே இருந்திருக்கிறது, நான் பார்க்கத் தவறியிருக்கிறேன்.

1997 முதல் 2006 வரை வெளிவந்த ஜீப் ரேங்ளர் டிஜே வண்டியையும், அதன் பெரும்பாலான மாடல்களில் உள்ள டேனா 30 முன் ஆக்ஸிலையும் மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். 2003-இல் தொடங்கிய ரூபிகான் மாடலில் முன்புறமும் டேனா 44 உள்ளது. அதற்கும் வேலைமுறை ஏறக்குறைய இதுவே, ஷாஃப்டின் அளவு மட்டும் வேறு. ஜிப்ஸியிலும் பழைய லேண்ட் குரூஸரிலும் இருப்பது உருண்டைக் கூட்டுக்குள் மூடிய பிர்ஃபீல்ட் ஜாயின்ட். அதைக் கழற்றும் முறை முற்றிலும் வேறு என்பதால் இங்கே சொல்பவற்றை அதற்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

எது முதலில் உடைய வேண்டும்?

ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் இந்த ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும். டயரில் தொடங்கி எஞ்சின் வரை செல்லும் சங்கிலியில் ஒரு கண்ணியை வலுப்படுத்தினால், அடுத்துப் பலவீனமாக இருக்கும் கண்ணிக்குச் சுமை நகர்கிறதே தவிர, மறைந்துவிடுவதில்லை. ஷாஃப்டை மட்டும் வலுப்படுத்தினால் கிராஸ் உடையும். கிராஸை மட்டும் வலுப்படுத்தினால் பழைய ஷாஃப்டின் காது நீண்டு பிளக்கும். இரண்டையும் மிதமிஞ்சி வலுவாக்கினால், டிஃபரென்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன் வீலும் பினியனும் பல்லிழக்கும். கிராஸ் உடைந்தால் பாதையோரத்தில் இரண்டு மணி நேர வேலை. பல் போனால் வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வர வேண்டும். ஆகவே நல்ல குரோமோலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு) ஷாஃப்டுகளைப் போட்டு, உடைவதானால் கிராஸ் உடையட்டும் என்று விட்டுவைப்பதே டேனா 30-க்குப் பொருத்தம் என்பது என் முடிவு.

சுமை எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் இதன் நியாயம் விளங்கும். 4.0 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின் உச்சத்தில் சுமார் 320 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தருகிறது. முதல் கியர் அதை ஏறக்குறைய 4 மடங்காகவும், விசையை முன்னும் பின்னும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ கியர் 2.72 மடங்காகவும், 3.73 ஆக்ஸில் விகிதம் மேலும் 3.73 மடங்காகவும் பெருக்கினால், உராய்வு இழப்பை விட்டுவிட்டால், 13,000 நியூட்டன் மீட்டரை நெருங்குகிறது. சாதாரண நிலையில் இது நான்கு சக்கரங்களுக்கும் பிரிந்து போகும். பிடிப்பு போதாத சக்கரம் வழுக்கிச் சுழன்று ஷாஃப்டைக் காப்பாற்றியும் விடும். லாக்கர் இல்லாத டிஃபரென்ஷியல் இரு பக்கத்துக்கும் சமமாகவே விசையைத் தருவதால், ஒரு சக்கரம் வழுக்கினாலே மற்றதன் சுமையும் குறைந்துவிடும். லாக்கர் பூட்டியதும் இந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது: முன்னச்சுக்கு வரும் விசை முழுவதையும், பாறையில் சிக்கிய அந்த ஒற்றைச் சக்கரத்தின் ஷாஃப்டே தாங்க நேரிடலாம்.

ஸ்டியரிங் கோணமும் சேரும்போது நிலைமை மோசமாகிறது. கிராஸ் ஜாயின்ட் நேராக இருக்கையில் சீராகச் சுற்றும். மடங்கிய நிலையிலோ ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடி இரண்டு முறை குறையும். 35 டிகிரி மடக்கத்தில் வெளிப்புறத் தண்டின் வேகம் உட்புறத்தின் 0.82 மடங்குக்கும் 1.22 மடங்குக்கும் இடையே ஊசலாடும், விசையும் அதற்கேற்ப ஏறி இறங்கும். அதோடு காதுகளை வெளிப்புறமாக விரிக்கும் ஒரு விசையும் பிறக்கிறது. காது சற்றே விரிந்தால், கிராஸின் கை நுனியை மூடும் கப்பைப் பிடித்திருக்கும் வளையமான சர்க்கிளிப் தெறிக்கிறது. சர்க்கிளிப் போனால் கப் நகர்கிறது. கப் நகர்ந்தால் முழுச் சுமையும் காதின் ஓரத்தில் விழுகிறது. பெரும்பாலான முறிவுகள் இந்த வரிசையில்தான் நடக்கின்றன. ஐந்து நிமிட வேலையான சர்க்கிளிப்பை அலட்சியப்படுத்தவே கூடாது.

எதை வாங்குவது?

டேனா 30-இன் உள் ஷாஃப்டின் நுனியில் 27 ஸ்ப்லைன் (கியரில் பொருந்தும் நீளவாட்டுப் பற்கள்) உள்ளது, விட்டம் 1.16 அங்குலம். ரூபிகானின் டேனா 44-இல் 30 ஸ்ப்லைன், விட்டம் 1.31 அங்குலம். வித்தியாசம் சிறியதாகத் தோன்றினாலும் முறுக்கைத் தாங்கும் வலு விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்வதால், ஒரே உலோகத்தில் செய்தாலே தடித்த ஷாஃப்ட் 44 சதவீதம் கூடுதல் வலுவோடு இருக்கும். டேனா 30 கூட்டுக்குள்ளேயே 30 ஸ்ப்லைன் ஷாஃப்டைப் போட முடியும். ஆனால் அதற்கு 30 ஸ்ப்லைன் பக்கக் கியர்களைக் கொண்ட லாக்கரும் வேண்டும். லாக்கரை இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் இதை யோசியுங்கள். 27 ஸ்ப்லைன் லாக்கர் ஏற்கெனவே இருந்தால் 27 ஸ்ப்லைன் குரோமோலியே போதும்.

தொழிற்சாலை ஷாஃப்ட் நடுத்தரக் கார்பன் எஃகால் ஆனது; மேற்பரப்பை மட்டும் மின்தூண்டலால் சூடாக்கிக் கடினப்படுத்தியிருப்பார்கள். மாற்று ஷாஃப்டுகளில் பரவலாகக் கிடைப்பது 4340 குரோமோலி. முறையாக வெப்பப் பதம் செய்த 4340, அதிக விசையில் சற்றே முறுகி, விசை விலகியதும் பழைய நிலைக்குத் திரும்பும். அதனால்தான் அதன் மேல் கிரைண்டர் வைப்பதோ வெல்டிங் பொட்டு வைப்பதோ கூடாது. ஒரு கீறல் கூட விரிசலுக்கு விதையாகும். உள் ஷாஃப்டை மட்டும் மாற்றிவிட்டு, சக்கரத்தைத் தாங்கும் ஹப்புக்குள் நுழையும் வெளித்தண்டைப் பழையதாகவே விடுவது வீண் செலவு. வெளித்தண்டுக்கும் காதுகள் உண்டு, அவையும் அதே விசையைத்தான் தாங்குகின்றன. இரண்டு உள் ஷாஃப்ட், இரண்டு வெளித்தண்டு, இரண்டு கிராஸ், அறுபடாத முழுவட்ட சர்க்கிளிப்புகள் என்று முழுத் தொகுதியாகவே வாங்குங்கள்.

கிராஸில் தேர்வு செய்வதற்குப் பல உண்டு. ஸ்பைசரின் 5-297எக்ஸ் கிரீஸ் நிப்பிள் உள்ளது. கிரீஸ் போவதற்காக அதன் உடலைத் துளைத்திருப்பார்கள். அதே இடத்தில் பொருந்தும் 5-760எக்ஸ், குளிர்நிலையில் அடித்து உருவாக்கிய துளையில்லாத திட உடல் கொண்டது. என் பரிந்துரை 5-760எக்ஸ்தான். கப்புக்குள் மெல்லிய உருளைகளாக இருக்கும் ஊசி பேரிங்குக்குப் பதிலாக வெண்கலப் புஷ் கொண்ட மிக வலுவான கிராஸ்களும் கிடைக்கின்றன, போட்டி வண்டிகளுக்கு அவை அருமையானவை. ஆனால் டிஜேயில் முன் ஹப்பை விடுவிக்கும் வசதி இல்லை. இருசக்கர ஓட்டத்தில் நெடுஞ்சாலையில் போகும்போதும் முன் ஷாஃப்டுகள் சுற்றிக்கொண்டே இருக்கும். ஓயாமல் சுற்றும் இடத்தில் வெண்கலப் புஷ் சூடேறும், அடிக்கடி கிரீஸ் கேட்கும். தினமும் சாலையில் ஓடும் வண்டிக்கு ஊசி பேரிங்கே நல்லது.

கிராஸே இல்லாமல், குண்டுகள் கொண்ட சீர்வேக ஜாயின்டோடு வரும் ஆர்சிவி போன்ற நிறுவனங்களின் ஷாஃப்டுகளும் உண்டு. முழுக்கத் திருப்பினாலும் ஸ்டியரிங் அதிராமல், வேக ஊசலாட்டம் இல்லாமல் ஓடும். விலை அதிகம், ரப்பர் உறை கிழிந்தால் உடனே கவனிக்க வேண்டும். 35 அங்குல டயரும் லாக்கரும் கொண்டு முழுத் திருப்பத்தில் பாறை ஏறுபவருக்கு அது தகும். ஆனால் அந்த அளவுக்குப் போகும்போது டேனா 30-இன் 7 அங்குலத்தை ஒட்டிய கிரவுன் வீல்தான் அடுத்துப் போகும் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள். 31 அங்குல டயர், லாக்கர் இல்லை என்றால் ஷாஃப்டே வாங்க வேண்டாம். நல்ல 5-760எக்ஸ் கிராஸும் புதிய சர்க்கிளிப்பும் போதும்.

கழற்றுதல்

பெட்டியைப் பிரித்ததும் புதிய ஷாஃப்டுகளின் ஸ்ப்லைனை எண்ணுங்கள். எது குட்டை, எது நெட்டை என்று பாருங்கள்: ஓட்டுநர் பக்கமான இடப்பக்கம் குட்டை, வலப்பக்கம் நெட்டை. ஜாயின்ட் மாட்டும் முன்பே, வெறும் வெளித்தண்டை உங்கள் ஹப்பில் நுழைத்து, நட்டு கையாலேயே மரையில் சுகமாக ஏறுகிறதா என்றும் சோதித்துவிடுங்கள்.

சமதளத்தில் வண்டியை நிறுத்திப் பின்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே, நடு மூடியை எடுத்து, கோட்டர் பின்னையும், நட்டைப் பூட்டும் தகட்டையும், அலைவாஷரையும் கழற்றி, 36 மில்லிமீட்டர் பாக்ஸால் ஹப் நட்டைத் தளர்த்துங்கள். 237 நியூட்டன் மீட்டரில் இறுக்கிய நட்டு என்பதால் நீண்ட கைப்பிடி வேண்டும். பிரேக்கை ஒருவர் மிதித்துக்கொண்டிருந்தால் வேலை சுலபம். தளர்த்திய பிறகு வண்டியை ஓர் அடி கூட உருட்டாதீர்கள். இந்த ஹப் பேரிங் தொகுதியை ஒன்றாக இறுக்கிப் பிடித்திருப்பதே அந்த நட்டுதான். அது தளர்ந்த நிலையில் பாரம் ஏறி உருண்டால் பேரிங் வீணாகும்.

ஆக்ஸில் குழாயின் அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கி, வண்டியை அசைத்துப் பார்த்த பிறகே சக்கரத்தைக் கழற்றுங்கள். காலிப்பரின் இரண்டு போல்ட்டுகளை எடுத்து, காலிப்பரைக் கம்பியால் ஸ்ப்ரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் குழாயில் அதன் எடை விழக் கூடாது. டிஸ்கை உருவுங்கள். ஏபிஎஸ் உள்ள வண்டியானால் சென்சாரை முதலிலேயே கழற்றி ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்து நக்கிளின் பின்புறத்திலிருந்து ஹப்பைப் பிடித்திருக்கும் மூன்று போல்ட்டுகள். தலை 13 மில்லிமீட்டர், 12 முனை. ஆறு முனை பாக்ஸ் இதில் பொருந்தாது. தேய்ந்த பாக்ஸைப் போட்டால் தலை உருண்டுவிடும், அதன்பின் அந்த ஒரு போல்ட்டுக்காகவே அரை நாள் போய்விடும். கம்பி பிரஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை முந்தைய இரவே ஊற்றி வையுங்கள்.

போல்ட் வந்தாலும் ஹப் வருவதில்லை. நக்கிள் துளையில் துரு பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கும். சம்மட்டியால் அடித்தால் பேரிங் கெடும். மூன்று போல்ட்டுகளையும் முழுக்கக் கழற்றாமல் சில சுற்றுகள் மட்டும் வெளியே விட்டு, ஒரு போல்ட்டின் தலையில் பாக்ஸும் நீட்டிப்புக் கம்பியும் மாட்டி, கம்பியின் மறுமுனையை ஆக்ஸில் குழாயின் பக்கம் முட்டுக்கொடுத்து நிறுத்துங்கள். பிறகு எஞ்சினை இயக்கி ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்பினால், பவர் ஸ்டியரிங்கே போல்ட்டைத் தள்ளி ஹப்பை வெளியே நகர்த்தும். அடுத்து எதிர்ப்பக்கத்துப் போல்ட்டுக்கு மாறுங்கள். இப்படி மாறி மாறித் தள்ளினால் ஹப் கோணாமல் வெளியே வரும். கம்பி வழுக்கித் தெறிக்கக்கூடும் என்பதால், ஸ்டியரிங் திரும்பும்போது யாருடைய கையும் முகமும் அருகில் இருக்கக் கூடாது.

ஹப்பை எடுத்ததும் ஷாஃப்ட் முழுவதையும் வெளித்தண்டோடு சேர்த்து உருவலாம். இங்கே நிதானம் தேவை. டிஜேயின் டேனா 30-இல் ஆயில் சீல் குழாயின் வெளிமுனையில் இல்லை. உள்ளே, டிஃபரென்ஷியலை ஒட்டி இருக்கிறது. அதை மாற்ற வேண்டுமானால் டிஃபரென்ஷியலையே வெளியே எடுக்க வேண்டும். முதல் முறை செய்தபோது நான் ஷாஃப்டின் எடையைத் தாங்காமல் இழுத்துவிட்டேன். ஸ்ப்லைன் சீலின் உதட்டில் உரசியது. அந்த வினாடியில் ஒன்றும் தெரியவில்லை. மூன்று நாள் கழித்து வலது நக்கிளில் எண்ணெய் வடிந்தது; ஒரு ரப்பர் வளையத்துக்காக முழு டிஃபரென்ஷியலையும் பிரித்துக் கோர்த்தேன். ஷாஃப்டை இரண்டு கைகளாலும் குழாயின் மையத்தில் தாங்கியபடி, கிடைமட்டமாக உருவுங்கள். சீல் துளை வழியாக எண்ணெய் கசியக்கூடும் என்பதால் அடியில் ஒரு தட்டும் வையுங்கள்.

குழாய்க்குள் விளக்கடித்துப் பாருங்கள். சேற்றில் ஓடிய வண்டியில் உள்ளங்கை நிறைய காய்ந்த மண் இருக்கும். புதிய ஷாஃப்டை அப்படியே தள்ளினால் அந்த மண்ணை உழுதுகொண்டு போய் சீலின் மேல் அப்பும். நீண்ட கம்பியில் துணி சுற்றி, சீலைத் தொடாமல், உள்ளிருந்து வெளிநோக்கி இழுத்துத் துடையுங்கள். துணி சுத்தமாக வரும்வரை விடாதீர்கள். ஷாஃப்ட் வெளியே இருக்கும் இந்த நேரத்தில்தான் பால் ஜாயின்டுகளையும் எளிதாக மாற்ற முடியும். ஆட்டம் இருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள். ஹப்பைக் கையில் வைத்துச் சுற்றிப் பாருங்கள், சொரசொரப்பு தெரிந்தால் அதற்கும் ஓய்வு கொடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

கிராஸ் கோர்த்தல்

புதிய கிராஸின் நான்கு கப்புகளையும் கழற்றி, ஊசிகள் எல்லாம் சுவரோடு ஒட்டி நிமிர்ந்து நிற்கின்றனவா என்று பாருங்கள். கிராஸைக் காதுகளுக்கு நடுவே வைத்து, ஒரு கப்பைக் கையாலேயே தொடங்கி, வைஸில் மெல்ல அழுத்துங்கள். அழுத்தும்போதே கிராஸின் கையை அந்தக் கப்புக்குள் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். கை உள்ளே இருக்கும்வரை ஊசி எதுவும் சாய முடியாது. ஓர் ஊசி சாய்ந்து கப்பின் அடியில் படுத்துவிட்டால், கப் கடைசிச் சிறு தூரம் போகாமல் நிற்கும், சர்க்கிளிப் பள்ளம் வெளியே தெரியாது. அப்போது இன்னும் கொஞ்சம் அழுத்தலாம் என்று தோன்றும். அழுத்தாதீர்கள்! கப்பைத் திருப்பி எடுத்து ஊசியை நிமிர்த்துங்கள். சுத்தியலால் அடித்து ஏற்றிய கிராஸ், ஓட்டுவதற்கு முன்பே பாதி ஆயுளை இழந்துவிட்டது.

முழுவட்ட சர்க்கிளிப் பள்ளத்தில் முழுக்க உட்கார்ந்திருக்கிறதா என்பதைக் கண்ணால் மட்டும் நம்பாமல், சிறு ஸ்க்ரூடிரைவரால் அதைத் தள்ளிச் சுற்றிப் பாருங்கள். நான்கும் உட்கார்ந்த பின் ஜாயின்டை எல்லாப் பக்கமும் மடக்குங்கள். இறுக்கமாக இருந்தால், காதுகளின் வெளிப்புறத்தில் பித்தளைக் கம்பி வைத்து ஒரு தட்டுத் தட்டினால் கப்புகள் சர்க்கிளிப்பை நோக்கி நகர்ந்து இளகும். விறைப்பு குறையாமல் கையோடு போராடும் ஜாயின்டை வண்டியில் ஏற்றாதீர்கள்.

மீண்டும் பூட்டுதல்

சீலின் உதடு ஷாஃப்டில் உட்காரும் வழவழப்பான இடத்தில் கொஞ்சம் கியர் ஆயில் தடவி, கழற்றியது போலவே இரு கைகளாலும் தாங்கி உள்ளே செலுத்துங்கள். ஸ்ப்லைன் பக்கக் கியரைத் தொட்டதும் ஷாஃப்டைச் சற்றே சுழற்றினால் வழிவிட்டு உள்ளே போய்விடும். நக்கிள் துளையைத் துருப்பிடித்த பழைய நிலையில் விடாமல் தேய்த்துச் சுத்தம் செய்து, ஒட்டாமல் தடுக்கும் பசையை மெல்லியதாகப் பூசுங்கள். அடுத்த முறை ஹப் கையோடு வரும். வெளித்தண்டின் ஸ்ப்லைனில் கிரீஸ் தடவி ஹப்பைப் பொருத்தி, மூன்று போல்ட்டுகளையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, 102 நியூட்டன் மீட்டரில் முடியுங்கள். காலிப்பர் போல்ட்டுகளுக்கு 15 போதும். இந்தச் சிறு எண்ணைப் பார்த்துப் பலர் சந்தேகப்பட்டு மிகையாக இறுக்கி மரையைக் கெடுக்கிறார்கள்.

ஹப் நட்டுக்கு டார்க் ரெஞ்சில் 237 நியூட்டன் மீட்டர், கண்டிப்பாக. கோட்டர் பின் துளை பொருந்தவில்லையென்றால் நட்டைத் தளர்த்தக் கூடாது. பூட்டும் தகட்டைக் கழற்றி வேறு நிலையில் திருப்பி வைத்தால் துளை தெரியும். சக்கர நட்டுகளை 115 முதல் 156 வரையிலான நியூட்டன் மீட்டரில் நட்சத்திர வரிசையில் இறுக்குங்கள்.

சக்கரம் மாட்டும் முன்பே ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசி வரை திருப்பி, ஷாஃப்டைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். குரோமோலி ஷாஃப்டின் காதுகள் பழையதைவிடத் தடித்தவை. எதிரெதிர்க் காதுகள் ஒன்றையொன்று தொடவோ நக்கிளில் உரசவோ கூடாது. தொட்டால் காதைத் தேய்க்காமல், ஸ்டியரிங் தடுப்புப் போல்ட்டைச் சற்று வெளியே எடுத்துக் கோணத்தைக் குறையுங்கள். திருப்பு வட்டம் கொஞ்சம் பெரிதாகும், ஷாஃப்ட் பிழைக்கும். டிஃபரென்ஷியல் எண்ணெயை நிரப்புத் துளையின் விளிம்பு வரை பார்த்து நிரப்புங்கள்.

பிறகு பார்க்க வேண்டியவை

வெற்று இடத்தில், மண் தரையில், நான்குசக்கர ஓட்டத்தில் மெதுவாக இரு பக்கமும் முழு வட்டம் போட்டுக் கேளுங்கள். சீரான சிறு அதிர்வு கிராஸ் ஜாயின்டின் இயல்பு. டிக் டிக் என்ற சத்தம் இயல்பல்ல. நூறு கிலோமீட்டருக்குள் சக்கர நட்டுகளையும் ஹப் போல்ட்டுகளையும் மறுபடி சோதியுங்கள். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் கப்புகளின் ஓரத்தை விளக்கடித்துப் பாருங்கள். செங்கல் பொடி போலச் சிவப்புத் தூள் தெரிந்தால் உள்ளே கிரீஸ் வற்றி ஊசிகள் துருவேறிவிட்டன என்று பொருள். அந்த கிராஸ் அடுத்த பயணத்துக்கு வரக் கூடாது. சர்க்கிளிப்புகளைத் துணியால் துடைத்து எண்ணுங்கள். காதுகளின் வேரிலும் துடைத்துப் பாருங்கள். எனக்குத் தப்பிய விரிசல் அங்கேதான் இருந்தது.

பழைய ஷாஃப்டுகள் விரிசல் இல்லாமல் இருந்தால் அவற்றை விற்காதீர்கள். புதிய கிராஸ் கோர்த்து, குட்டை ஒன்றும் நெட்டை ஒன்றுமாக, துணியில் சுற்றி வண்டியிலேயே வையுங்கள். கூடவே 36 மில்லிமீட்டர் பாக்ஸ், 13 மில்லிமீட்டர் 12 முனை பாக்ஸ், இரண்டு கோட்டர் பின், கொஞ்சம் கியர் ஆயில். மாற்று ஷாஃப்ட் இல்லாத நிலையில் ஜாயின்ட் உடைந்துவிட்டால், உடைந்த உள் ஷாஃப்டை உருவிவிட்டு, எண்ணெய் வடியாதபடி குழாயின் வாயை இறுக அடைத்து, வெளித்தண்டை மட்டும் கிராஸிலிருந்து பிரித்து மீண்டும் ஹப்புக்குள் செருகி நட்டை முழு அளவுக்கு இறுக்குங்கள். வெளித்தண்டு இல்லாமல் ஹப் பேரிங் பாரம் தாங்காது. அது உள்ளே இருந்தால், இருசக்கர ஓட்டத்தில், பின்சக்கரங்களின் உதவியோடு மெதுவாகச் சாலை வரை வந்து சேரலாம்.